அரசிடம் உபரி இருந்தால் நம்ம ஊர் மோட்டார் ஓடுமா? துறைகளின் நடப்புச் செலவுக்கு நிதி பெற முழு வழிகாட்டி

அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. செலவு 1,916.41 கோடி ரூபாய். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். பவானியில் தொடங்கி அன்னூர் வரை ஆறு நீரேற்று நிலையங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் மனு கொடுத்து, ஊர்வலம் போய், உண்ணாவிரதம் இருந்து வாங்கிய திட்டம் இது.

கட்டுகிற செலவு ஒரு தடவையோடு முடிந்துவிடும். மோட்டார் ஓட்டுகிற செலவு அப்படி இல்லை. கரண்ட் பில் வரும், வால்வு தேயும், குழாய் கசியும், ஷிப்ட் பார்க்க ஆள் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டருக்கு டீசல், பள்ளிக்கூடத்தில் துப்புரவுப் பணியாளர் கூலி, கால்நடை மருந்தகத்தில் மருந்து என்று எல்லாத் துறையிலும் இதே கதைதான். கட்டடம் திறக்க மந்திரி வருவார். கரண்ட் பில் கட்ட யாரும் விழா எடுப்பதில்லை. ஊருக்குப் பயன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்த இரண்டாவது செலவில்தான் இருக்கிறது.

பாசன சபைக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கேள்வி வரும். "ஏனுங்க, இத்தனை வரி வசூலாகுது. கவர்மெண்டுல மிச்சமாகிற பணத்துல இதுக்கு ஒதுக்கக் கூடாதுங்களா?" நியாயமான கேள்வி. அரசுக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பொறுமையாகப் பதில் எழுத வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. பாசன சபைக்காரர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், வார்டு உறுப்பினர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த இளநிலை உதவியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: எந்த உபரி என்று தெளிவாகுங்கள்

உபரி என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு பணம் இருக்கிறது. இதைக் குழப்பிக்கொண்டு கொடுக்கும் மனு, தலைமைச் செயலகம் வரை போய்விட்டு அப்படியே திரும்பி வரும்.

முதலாவது, வருவாய் உபரி. மாநிலத்துக்கு ஓர் ஆண்டில் வரும் வரி, கட்டணம், மத்திய அரசின் பங்கு, மானியம் எல்லாம் வருவாய் வரவு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம், பராமரிப்பு எல்லாம் வருவாய்ச் செலவு. வரவு அதிகமாக இருந்தால் உபரி, செலவு அதிகமாக இருந்தால் பற்றாக்குறை. தமிழ்நாடு கடைசியாக வருவாய் உபரி கண்டது 2012-13இல். 2013-14இலிருந்து தொடர்ச்சியாகப் பற்றாக்குறைதான். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் வருவாய் வரவு 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி, பற்றாக்குறை 41,635 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அதாவது மாநிலத்தின் அன்றாடச் செலவில் ஒரு பகுதி ஏற்கெனவே கடனில்தான் ஓடுகிறது. ஒடிசா, குஜராத், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் அண்மை ஆண்டுகளில் வருவாய் உபரி காட்டியிருக்கின்றன. அங்கே நடக்கும் பேச்சை அப்படியே எடுத்து வந்து இங்கே பேச முடியாது. "மாநிலத்தின் உபரியிலிருந்து ஒதுக்குங்கள்" என்று எழுதினால், உபரியே இல்லை என்ற ஒற்றை வரியில் நிதித் துறை கோப்பை மூடிவிடும்.

இரண்டாவது, ரொக்க இருப்பு. மாநிலத்தின் வங்கிக் கணக்கு ரிசர்வ் வங்கியிடம் இருக்கிறது. தேவைக்கு மேல் ரொக்கம் நின்றால் அது தானாகவே 14 நாள் இடைக்காலக் கருவூலப் பத்திரங்களில் முதலீடாகிவிடும். பத்திரிகையில் "மாநில அரசு இத்தனை கோடி முதலீடு" என்று செய்தி வந்ததும், பணம் குவிந்து கிடக்கிறது என்று பேச ஆரம்பித்துவிடுவோம். போன வாரம் வாங்கிய கடன் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கும் பணமாகக்கூட அது இருக்கலாம். இதை உபரி என்று எண்ணிக் கோரிக்கை வைக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் நமக்கு உண்மையில் உதவும் பணம். ஒரு துறைக்குச் சட்டமன்றம் ஒதுக்கியதில் அந்த ஆண்டில் செலவாகாமல் நிற்கும் மிச்சம் இது. பணியிடம் காலியாக இருந்தது, டெண்டர் தள்ளிப்போனது, நிலம் கிடைக்கவில்லை என்று மிச்சம் விழப் பல காரணங்கள் இருக்கும். மார்ச் 31 இரவோடு அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அதற்கு முன்பே கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

நான்காவது, அமைப்புகளின் சொந்தப் பணம். ஊராட்சி, நகராட்சி, வாரியம் ஆகியவற்றின் பொது நிதி, அரசு மருத்துவமனைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வந்து சேரும் தொகை போன்றவை. இதற்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, பல நேரங்களில் தீர்வு உள்ளூரிலேயே கிடைக்கும். இதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

இரண்டாம் படி: செலவைப் பிரித்து எழுதுங்கள்

அரசாணைகளில் தொடர் செலவினம், தொடராச் செலவினம் என்று இரண்டு சொற்கள் வரும். நீங்கள் கேட்கும் தொகை இவற்றில் எது என்பதுதான் முழுக் கோரிக்கையின் உயிர்.

அத்திக்கடவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீரிலிருந்து நொடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் எடுத்து, ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. நிரப்புவது திட்டம். மோட்டார் 70 நாள்தானே ஓடும், மற்ற மாதங்களில் செலவு இல்லையே என்று தோன்றும். அப்படி இல்லை. உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் எந்த நிலையத்துக்கும் இரண்டு வகைக் கட்டணம் உண்டு. ஓடிய யூனிட்டுக்கு ஒரு கட்டணம். ஒப்பந்தம் செய்துகொண்ட மின் தேவைக்கு மாதாமாதம் ஒரு கட்டணம். மோட்டார் சுவிட்சைத் தொடாத மாதத்திலும் இரண்டாவது கட்டணம் வரும். கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணமும் சேரும்.

இப்படிப்பட்ட ஒரு நீரேற்று நிலையத்தின் செலவை மூன்று கட்டாகப் பிரிக்கலாம். மாதாமாதம் வரும் நிலையான மின் கட்டணம், ஆபரேட்டர், காவலர் கூலி ஆகியவை தொடர் செலவினம். யூனிட் கட்டணமும் தொடர்தான், ஆனால் மழையைப் பொறுத்து ஏறி இறங்கும். பழைய பாக்கி, எரிந்துபோன மோட்டாரை ரீவைண்டிங் செய்வது, வெள்ளத்தில் போன கேபிளை மாற்றுவது எல்லாம் தொடராச் செலவினம்.

ஆண்டு மிச்சத்திலிருந்து கேட்க ஏற்றது மூன்றாவது கட்டு. இரண்டாவது கட்டில் அந்த ஆண்டு திடீரென்று கூடிய பகுதியை மட்டும் கேட்கலாம். முதல் கட்டை மிச்சத்திலிருந்து கேட்கவே கூடாது, அது அடிப்படை வரவு செலவுத் திட்டத்திலேயே உட்கார வேண்டும். மஞ்சள் விலை ஏறிய வருஷம் கையில் நின்ற பணத்தில் பழைய கடனை அடைக்கலாம், கிணற்றைத் தூர்வாரலாம், சொட்டு நீர்க் குழாய் போடலாம். அதை நம்பி மாதச் சீட்டில் சேர்ந்தால், அடுத்த வருஷம் சீட்டுப் பணத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டி வரும். அரசுத் துறைக்கும் இதே கணக்குத்தான். ஒரு வருஷ மிச்சத்தை வைத்துத் தற்காலிகமாக ஆள் எடுத்து, மறு வருஷம் சம்பளத்துக்கு ஒதுக்கீடு இல்லாமல் அவர்களை மாதக்கணக்கில் காக்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேலை செய்தவர் வயிற்றில் அடிக்கும் காரியம் அது. எந்த மனுவிலும் அதற்கு இடம் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: புத்தகத்தில் உங்கள் வரியைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு சட்டமன்றத்திடம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. அந்தப் புத்தகங்கள் எல்லாம் நிதித் துறை இணையதளத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் உண்டு. மக்கள் நல்வாழ்வுக்கு 19, நகராட்சி நிர்வாகம், குடிநீர் வழங்கலுக்கு 34, நீர்வளத் துறையின் நீர்ப்பாசனத்துக்கு 40, ஊரக வளர்ச்சி, ஊராட்சிக்கு 42, பள்ளிக் கல்விக்கு 43. உங்கள் விஷயம் எந்த எண்ணில் இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனால் நான்கு இலக்கத் தலைப்புகள் வரும். முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். 0, 1 என்று தொடங்கினால் வருவாய் வரவு. 2, 3 என்றால் வருவாய்ச் செலவு. 4, 5 என்றால் மூலதனச் செலவு. 6, 7 என்றால் கடன். 8 என்றால் பொதுக் கணக்கு. 2202 பொதுக் கல்வி, 2210 மருத்துவமும் பொதுச் சுகாதாரமும், 2701 நடுத்தரப் பாசனத்தின் நடப்புச் செலவு, 4701 அதே பாசனத்தின் கட்டுமானச் செலவு. நாடு முழுவதும் எல்லா மாநிலங்களுக்கும் இந்த நான்கு இலக்கத் தலைப்பு எண்கள் ஒன்றுதான்.

நீரேற்று நிலையம் கட்டுவது 4-இல் தொடங்கும் தலைப்பு, அதை ஓட்டுவது 2-இல் தொடங்கும் தலைப்பு. சட்டமன்றம் நிறைவேற்றும் நிதி ஒதுக்கச் சட்டத்தில் வருவாய்ப் பிரிவும் மூலதனப் பிரிவும் தனித்தனித் தொகை. அதனால் "கட்டுமானத்தில் பத்துக் கோடி மிச்சமாம், அதில் கரண்ட் பில் கட்டட்டும்" என்று சொன்னால் நடக்காது. ஆனால் அந்த மூலதன மிச்சத்தில் வேறொரு காரியம் கேட்கலாம். பழைய மோட்டாருக்குப் பதில் மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார், நிலைய வளாகத்தில் சூரிய மின் தகடு, மின் திறன் காரணியைச் சரிசெய்யும் கெபாசிட்டர் ஆகியவற்றைக் கேளுங்கள். இவை மூலதனச் செலவு, ஆனால் வருஷா வருஷம் நடப்புச் செலவைக் குறைக்கும். என்னைக் கேட்டால், இருக்கும் மிச்சத்தைப் பயன்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் நேராக நான்கு தொகைகள் அச்சாகியிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பாருங்கள். முதல் ஒதுக்கீட்டைவிடத் திருத்திய மதிப்பீடு எங்கெல்லாம் சுருங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் மிச்சம் விழுந்திருக்கிறது. ஒரே வரியில் மூன்று வருஷப் புத்தகத்திலும் இப்படி விழுந்தால், அந்தத் துறை தேவைக்கு மேல் கேட்டு வாங்குகிறது என்று அர்த்தம். அதே மானியக் கோரிக்கைக்குள் மின் கட்டண வரி மூன்று வருஷமாக ஒதுக்கீட்டைத் தாண்டிச் செலவாகியிருந்தால், உங்கள் மனுவுக்கு வேண்டிய ஆதாரம் கையில் வந்துவிட்டது.

நான்காம் படி: எந்த வாசலில் தட்டுவது

அரசுப் பணத்தை எடுக்க அரசியலமைப்புச் சட்டம் வாசல்களை வகுத்திருக்கிறது. அரசின் வரவெல்லாம் சேரும் பெட்டியான மாநிலத்தின் தொகுப்பு நிதி பிரிவு 266-இல் வருகிறது. சட்டமன்றம் இயற்றும் நிதி ஒதுக்கச் சட்டம் இல்லாமல் அதிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது. எவ்வளவு உபரி இருந்தாலும் அமைச்சரோ செயலாளரோ கையெழுத்துப் போட்டு எடுத்துக் கொடுத்துவிட முடியாது.

மறு நிதி ஒதுக்கம் என்பது முதல் வாசல். ஒரே மானியக் கோரிக்கைக்குள், ஒரே பிரிவுக்குள், மிச்சமிருக்கும் வரியிலிருந்து பற்றாக்குறையான வரிக்கு மாற்றுவது. இதற்குச் சட்டமன்றம் போக வேண்டியதில்லை. சிறு தொகையென்றால் துறைத் தலைவர் அளவிலும், பெரியதென்றால் நிதித் துறையின் இசைவோடும் முடியும். ஒரு மானியக் கோரிக்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. பள்ளிக் கல்வியின் மிச்சம் பாசனத்துக்கு வராது. நடப்புச் செலவுக்கு நாம் முதலில் கேட்க வேண்டியது இந்த வாசலில்தான்.

பிரிவு 205-இல் வருகிற துணை மானியக் கோரிக்கை இரண்டாவது வாசல். ஒதுக்கியது போதவில்லை, அல்லது ஒதுக்கும்போது இல்லாத ஒரு புதிய செலவு வந்துவிட்டது என்றால் அரசு சட்டமன்றத்திடம் கூடுதலாகக் கேட்கும். துணை மதிப்பீட்டுப் புத்தகத்தில் "புதுப் பணிகள்", "புதுத் துணைப் பணிகள்" என்ற சொற்களைப் பார்ப்பீர்கள். வேறு வரியில் மிச்சம் இருந்து, பணி மட்டும் புதியதாக இருந்தால், சட்டமன்ற ஒப்புதலுக்காக ஓர் அடையாளத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு மீதியை மறு நிதி ஒதுக்கத்தில் சமாளிப்பார்கள். புத்தகத்தில் பெரிய திட்டத்துக்கு நேரே சின்னத் தொகை அச்சாகியிருந்தால் பயப்பட வேண்டாம்.

பிரிவு 267-இல் வருகிற எதிர்பாராச் செலவு நிதி அவசரத்துக்கு மட்டும். முன்பணமாக எடுத்துவிட்டுப் பிறகு துணை மானியத்தில் ஈடுகட்டுவார்கள். வெள்ளம், கொள்ளைநோய் போன்றவற்றுக்குச் சரி. வழக்கமான கரண்ட் பில்லுக்கு இந்த வாசலைத் தட்டாதீர்கள்.

நான்காவது, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம். தொடர் செலவினத்துக்கு உண்மையான வாசல் இதுதான். மிச்சத்தில் இந்த வருஷத்தைச் சமாளித்துவிட்டு, அதே மனுவிலேயே அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்கக் கேட்பதுதான் முழுமையான கோரிக்கை. இரண்டில் ஒன்றை விட்டாலும் மறு வருஷம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஐந்தாம் படி: முன்மொழிவு எப்படி இருக்க வேண்டும்

பொதுமக்கள் மனு தனி, அலுவலக முன்மொழிவு தனி. மனு எத்தனை கொடுத்தாலும், களத்தில் இருக்கும் அலுவலர் முன்மொழிவு அனுப்பாமல் கோப்பு நகராது. உங்கள் வேலை, அவர் அனுப்ப வேண்டிய தகவலைத் திரட்டிக் கொடுத்து, அனுப்ப வைப்பது. களப் பொறியாளர்கள் பலருக்கு இதை எழுத நேரமே இருப்பதில்லை. தகவலோடு போனால் மறுக்க மாட்டார்கள்.

முன்மொழிவில் மூன்று ஆண்டு உண்மைச் செலவு இருக்க வேண்டும். இந்த ஆண்டு ஒதுக்கீடு, இதுவரை செலவு, மார்ச் வரை இன்னும் தேவைப்படுவது, பாக்கி பில்களின் நகல் இருக்க வேண்டும். மிச்சம் எந்த வரியில் இருக்கிறது, ஏன் அது செலவாகாது என்ற விளக்கமும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பணம் எங்கிருந்து வரும் என்று எழுதாத கோப்பை நிதித் துறை திருப்பி அனுப்பும். எடுத்துக்காட்டுக்குக் கற்பனைத் தொகையோடு ஒரு பத்தி:

"மேற்படி நீரேற்று நிலையத்திற்கு நடப்பு நிதியாண்டில் மின் கட்டணத்திற்கென ரூ.40 இலட்சம் ஒதுக்கப்பட்டுள்ளது. நவம்பர் முடிய ரூ.36 இலட்சம் செலவாகியுள்ளது. மார்ச் முடிய மேலும் ரூ.19 இலட்சம் தேவைப்படும். கூடுதல் தேவையான ரூ.15 இலட்சத்தை, இதே மானியக் கோரிக்கையில் நிரப்பப்படாத பணியிடங்களால் சம்பளத் தலைப்பில் ஏற்பட்டுள்ள மிச்சத்திலிருந்து மறு நிதி ஒதுக்கம் செய்து வழங்கவும், வரும் நிதியாண்டு மதிப்பீட்டில் இத்தலைப்பில் ரூ.55 இலட்சம் சேர்க்கவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது. மின் கட்டணம் செலுத்தப்படாவிட்டால் இணைப்புத் துண்டிக்கப்பட்டு இன்னின்ன குளங்களுக்கு நீர் வழங்கல் நின்றுவிடும்."

இந்தப் பத்தியில் உணர்ச்சி வசனம் ஒன்றும் இல்லை. தொகை, காலம், மிச்சம் இருக்கும் இடம், நின்றால் என்ன ஆகும் என்பது மட்டும் இருக்கிறது. செயலகத்தில் பிரிவு அலுவலர் இதை அப்படியே தன் குறிப்பில் எடுத்து எழுதலாம். கோப்பு வேகமாக நகரும் ரகசியம் அவ்வளவுதான்.

போகும் பாதை இது: உதவிச் செயற்பொறியாளர், செயற்பொறியாளர் என்று துறையின் படிகள் வழியாகத் துறைத் தலைவருக்கு. அங்கிருந்து தலைமைச் செயலகத்தில் உரிய துறைக்கு. அங்கிருந்து நிதித் துறைக்கு. இசைவு கிடைத்தால் அரசாணை. மருத்துவமனை என்றால் மருத்துவ அலுவலர், இணை இயக்குநர், இயக்குநர் என்று ஆட்கள் மாறுவார்கள், பாதை மாறாது. ஒவ்வொரு படியிலும் கடித எண்ணையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாமல் "அனுப்பியாச்சுங்க" என்றால், அனுப்பவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நாள் பார்த்துப் போங்கள்

நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் துறைகள் அடுத்த ஆண்டுக்கான கணக்கைத் தயாரிக்கும். அலுவலகத்தில் நம்பர் ஸ்டேட்மெண்ட் என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் திருத்திய மதிப்பீடு சூடு பிடிக்கும். எங்கே மிச்சம், எங்கே பற்றாக்குறை என்று அலுவலகங்கள் பார்க்கும் காலம் அதுதான். பிப்ரவரி, மார்ச்சில் இறுதித் துணை மதிப்பீடுகள் வரும்.

ஆக, மறு நிதி ஒதுக்கம் கேட்பவர் நவம்பருக்குள் முன்மொழிவை மேலே ஏற்றிவிட வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் போனால் அலுவலகம் முழுக்க பில் போடும் அவசரத்தில் இருக்கும். மார்ச் கடைசியில் பணத்தை எடுத்து ஏதாவது வைப்புக் கணக்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒதுக்கீடு காலாவதியாகாமல் இருக்கப் பணத்தை இப்படி நிறுத்தி வைப்பதைத் தணிக்கைத் துறை தொடர்ந்து கண்டித்து வருகிறது.

தேர்தல் ஆண்டில் கவனம் அதிகம் தேவை. இடைக்கால வரவு செலவுத் திட்டமும் பிரிவு 206-இன்படி முன்பண மானியமும் வரும். நடக்கிற சேவைக்குச் சில மாதச் செலவு கிடைக்கும், புதிய பணிக்கு ஒப்புதல் கிடைப்பது கடினம். நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் கோப்புகள் அப்படியே நிற்கும்.

ஏழாம் படி: அரசாணையைப் படித்துப் பணம் வரை பின்தொடருங்கள்

அரசாணை வந்ததும் வாட்ஸ்அப்பில் நன்றி அறிவிப்பு கிளம்பிவிடும். அதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் என்று அங்கே இருக்கும். நிதித் துறையின் இசைவு எண் இருக்கும். கூடுதல் ஒதுக்கீட்டுக்கான பேரேட்டு எண்ணும் இருக்கும், ஆபீஸில் அதை ஏ.எஸ்.எல். எண் என்பார்கள். அந்த எண் இருந்தால், முதல் ஒதுக்கீட்டுக்கு மேல் பணம் தர நிதித் துறை ஒத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். "சட்டமன்ற ஒப்புதல் பெறப்படும் வரை எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம்" என்றோ, "மறு நிதி ஒதுக்கம் மூலம் மேற்கொள்ளலாம்" என்றோ ஒரு வரி வரும். எந்த வாசல் திறந்தது என்று அந்த வரி சொல்லிவிடும். இவை எதுவும் இல்லாமல் "கொள்கையளவில் ஒப்புதல்" என்று மட்டும் இருந்தால், பணம் இன்னும் வரவில்லை.

அதன்பின் துறைத் தலைவர் மாவட்டத்துக்கு ஒதுக்கீட்டைப் பிரித்து அனுப்ப வேண்டும். அரசு பில் போடப் பயன்படுத்தும் களஞ்சியம் மென்பொருளில் அது ஏறினால்தான் பணம் வழங்கும் அலுவலர் பில் தயாரிக்க முடியும், கருவூலம் அதைத் தேர்ச்சி செய்ய முடியும். அரசாணைக்கும் கருவூலத்துக்கும் இடையில் நிற்கும் பணம் நிறைய. இந்த இடத்தில் ஒரு நாள் நேரில் போய், அலுவலகக் கணக்கரிடம் "ஒதுக்கீடு களஞ்சியத்துல ஏறிடுச்சுங்களா?" என்று கேட்பது பத்து மனுவுக்குச் சமம்.

எட்டாம் படி: உள்ளூர்ப் பணத்தை மறக்காதீர்கள்

கிராம ஊராட்சிகளில் நீண்ட காலமாகக் கணக்குகளைப் பிரித்து வைத்துப் பழக்கம். ஒன்று பொது நிதி. இரண்டாவது, மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் என்றே ஒதுக்கிய கணக்கு. மூன்றாவது, திட்ட நிதி. நடப்புச் செலவுக்கென்று தனிக் கணக்கு வைத்தது நல்ல ஏற்பாடு. தெருவிளக்குக்கும் மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கும் போக வேண்டிய பணம் வேறு வேலைக்குப் போகாமல் அது காத்தது.

பதினைந்தாம் நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குத் தந்த மானியத்தில் ஊரக உள்ளாட்சிகளுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டுப்பட்டதாக இருந்தது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கோ அலுவலகப் பராமரிப்புக்கோ எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. "மானியம் மிச்சமிருக்கு, கிளார்க் சம்பளத்துக்கு எடுத்துக்கலாம்" என்பது தணிக்கையில் மாட்டிக்கொள்ளும். குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புக்குக் கட்டுப்பட்ட பகுதியிலிருந்து எடுப்பதில் தடை இருக்கவில்லை.

பொது நிதியில் உண்மையாகவே உபரி இருந்தால் அதைப் பேச வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. வரவு செலவைப் படிக்கச் சொல்லி, மின் கட்டணப் பாக்கியையும் பொது நிதி இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்து வராதீர்கள்.

அரசு மருத்துவமனைகளில் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் தொகையில் ஒரு பங்கு பணியாளர் ஊக்கத்தொகைக்கும் மீதி மருத்துவமனைத் தேவைக்கும் போகிறது. கருவி பழுது, அவசரத்துக்கு வாங்கும் பொருள் போன்றவற்றுக்கு இது உதவும். நிரந்தரப் பணியாளர் செலவை இதன் தலையில் கட்டக் கூடாது. அறுவைச் சிகிச்சை எண்ணிக்கை குறைந்தால் வரவும் குறைந்துவிடும்.

ஒன்பதாம் படி: கேட்டபின் விடாதீர்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதற்கு நல்ல கருவி. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் பணம் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்த அலுவலகத்துக்கு இந்தத் தலைப்பில் இந்த ஆண்டு வந்த ஒதுக்கீடு, செலவு, ஒப்படைப்பு செய்த தொகை, ஒப்படைப்புச் செய்த தேதி ஆகியவற்றின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். ஒப்படைப்பு என்பது செலவாகாததைத் திருப்பித் தருவது. உங்கள் ஊரில் பில் பாக்கி இருக்கும்போது அதே அலுவலகம் மார்ச் 31-இல் பணத்தை ஒப்படைத்திருந்தால், அந்த ஒரு காகிதம் அடுத்த கூட்டத்தில் பேசும்.

சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுப்பதைவிடக் கேள்வி ஒன்றை எழுதிக் கொடுங்கள். மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன், துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்து, உங்கள் நிலையத்தின் நடப்புச் செலவு அதில் வருகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் தொகுதிக் கேள்வியை வேண்டாம் என்று சொல்வதில்லை.

ஆண்டு முடிந்து சில காலம் கழித்து, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் மாநில நிதி அறிக்கையும் நிதி ஒதுக்கக் கணக்குகளும் சட்டமன்றத்தில் வைக்கப்படும். எந்த மானியக் கோரிக்கையில் எவ்வளவு மிச்சம், துணை மானியம் வாங்கியும் செலவழிக்காதது எது என்று அதில் வரும். சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதை விசாரிக்கும். உங்கள் துறைப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த செப்டம்பரில் நம்பர் ஸ்டேட்மெண்ட் தயாராகும்போது, செயற்பொறியாளர் மேசையில் வைத்து, "போன வருஷம் இந்தத் தலைப்புல இத்தனை மிச்சம் விழுந்திருக்குங்க, நம்ம கரண்ட் பில் தலைப்புல இத்தனை பத்தலைங்க, இந்த வருஷம் முதல்லயே மாத்தி எழுதிடலாமுங்களா?" என்று கேட்க அது வேண்டும்.